கேள்வியை உங்களிடமே கேளுங்கள்: யோசிக்கப் பழகுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இதற்கு வேண்டியது ஒரு நோட்டு, ஒரு பேனா, தொந்தரவில்லாத அரை மணி நேரம். வேறு செலவு கிடையாது. கடையில் வியாபாரம் படுத்துவிட்டது, பாதி எழுதிய சிறுகதை நகர மாட்டேன் என்கிறது, சம்பளம் இருபதாம் தேதியைத் தாண்டுவதில்லை, எழுதிய கம்ப்யூட்டர் ப்ரோக்ராம் ஏன் ஓடவில்லை என்று விளங்கவில்லை. எதுவானாலும் இதே வழியில் உட்கார்ந்து பார்க்கலாம்.

நமக்குள் நாமே பேசிக்கொள்வது எல்லோரும் நாள் முழுக்கச் செய்வதுதான். பஸ்ஸுக்கு நிற்கும்போதும் குளிக்கும்போதும் மனசு பேசிக்கொண்டேதான் இருக்கிறது. அந்தப் பேச்சைக் கேள்வியாக்கி, எழுதி, சலித்து, ஒவ்வொன்றின் பின்னாலும் போய்ப் பார்ப்பதுதான் இங்கே பழகப்போவது. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களுக்கே பதில் தெரியாத, ஆனால் போய்ப் பார்த்தால் தெரிந்துவிடக்கூடிய ஒரு கேள்வி கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கீழே வரும் படிகள் எல்லாம் அந்தக் கேள்வியைப் பிடிப்பதற்காகத்தான்.

இடம் பற்றி ரொம்ப யோசிக்க வேண்டாம். சென்னையில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது, காலை ஆறு மணி பெசன்ட் நகர் கடற்கரை இருக்கிறது, வெயில் இறங்கியபின் மொட்டை மாடி இருக்கிறது. கூட்டமில்லாத நேரத்தில் கடற்கரை–தாம்பரம் ரயிலில் ஜன்னலோர இடம் கிடைத்தால் அதுவும் நல்ல இடம்தான். போனை மட்டும் ஃப்ளைட் மோடில் போட்டுவிடுங்கள். கேள்வி தோன்றிய அடுத்த நொடியே கூகுளில் தேடினால் பிறருடைய கேள்விக்கான பதில்தான் வரும். உங்கள் கேள்வி இன்னும் முழுதாக உருவாகியே இருக்காது.

படி 1: குறையை எழுதுங்கள், பிறகு அதைக் கேள்வியாக்குங்கள்

மனசில் இருப்பதை அப்படியே எழுதுங்கள். "வியாபாரம் டல்." "கதை சுவாரசியமா இல்லை." "பையன் படிக்கவே மாட்டேங்கறான்." இலக்கணம், அழகு எதுவும் பார்க்க வேண்டாம். இவை குறைகள். குறையை வைத்துக்கொண்டு புலம்பலாம், அதற்குமேல் எங்கும் போக முடியாது. அதனால் ஒவ்வொன்றின் கீழேயும் அதைக் கேள்வியாக மாற்றி எழுதுங்கள்.

பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். கேள்விக்குறி போட்டதெல்லாம் கேள்வி ஆகிவிடாது. பள்ளியில் தமிழ் இலக்கண வகுப்பில் வினா ஆறு வகை என்று படித்தது நினைவிருக்கிறதா? அறிவினா, அறியா வினா, ஐயவினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. பரீட்சை முடிந்ததும் மறந்துவிட்டோம். சலிப்பதற்கு இதைவிட நல்ல சல்லடை எனக்குத் தெரிந்து இல்லை.

பதில் தெரிந்துகொண்டே கேட்பது அறிவினா. வகுப்பில் ஆசிரியர் கேட்பது போல. நம்மிடம் நாம் அதைக் கேட்கும்போது, "நமக்கெல்லாம் இது வருமா?" என்று இருக்கும். வராது என்று ஏற்கெனவே முடிவு செய்தாகிவிட்டது, கேள்விக்குறி சும்மா ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு வேலையைச் செய்யச் சொல்வதற்காகக் கேட்பது ஏவல் வினா. "வீட்டுப்பாடம் எழுதிட்டியா?" என்று அம்மா கேட்டால் போய் எழுது என்று பொருள். "இன்னும் ஏன் முடிக்கலை?" என்று நம்மையே கேட்டுக்கொள்வதும் அதே ரகம். அதில் அதட்டல் இருக்கிறது, தெரிந்துகொள்ளும் ஆசை இல்லை. இந்த இரண்டு வகையையும் நோட்டில் கண்டவுடன் அடித்துவிடுங்கள்.

வைத்துக்கொள்ள வேண்டியது அறியா வினாவும் ஐயவினாவும். "எந்த நாளில் வியாபாரம் குறைகிறது?" என்பது முதல் வகை. "விலையா, தரமா, கடை இருக்கும் இடமா?" என்பது இரண்டாவது. கொளல் வினாவையும் கொடை வினாவையும் சற்றே வளைத்து நம் தேவைக்குப் பயன்படுத்தலாம். "இதற்கு வேண்டியது யாரிடம் இருக்கிறது, கேட்டால் கிடைக்குமா?" என்பது கொளல். "நான் செய்யும் இந்தப் பொருள் யாருக்குக் கொடுத்தால் உண்மையிலேயே உதவும்?" என்பது கொடை. புதிதாக ஏதாவது செய்ய நினைப்பவர்களுக்குக் கடைசிக் கேள்வி பல கதவுகளைத் திறக்கும்.

படி 2: பத்து நிமிடம், கேள்விகள் மட்டும்

போனில் பத்து நிமிடத்துக்கு டைமர் வைத்துவிட்டு, எடுத்துக்கொண்ட ஒரு சிக்கலைப் பற்றி வரும் கேள்விகளை எல்லாம் எழுதுங்கள். பதில் எழுதக் கூடாது, தெரிந்தாலும் கூடாது. முதல் ஐந்தாறு கேள்விகள் எல்லோருக்கும் தோன்றுபவையாகத்தான் இருக்கும். அதன்பின் ஒரு வறட்சி வரும். எழுந்து போய்விடாமல் உட்கார்ந்திருங்கள். யார், என்ன, எங்கே, எப்போது, எப்படி, எவ்வளவு, ஏன் என்று ஒவ்வொரு வினாச்சொல்லாக எடுத்து வாக்கியத்தைத் தொடங்கினால் மீண்டும் ஊறும். அந்த வறட்சிக்குப் பிறகு வரும் கேள்விகளில்தான் சரக்கு இருக்கும்.

டைமர் அடித்ததும் பட்டியலைப் படித்து, இரண்டு கேள்விகளுக்கு மட்டும் வட்டம் போடுங்கள். பதில் தெரியாதது, போய்ப் பார்க்க முடிந்தது. இந்த இரண்டு தகுதியும் இருக்க வேண்டும்.

படி 3: "எங்கே இது இல்லை?"

சிக்கல் எங்கே இருக்கிறது என்று எல்லோரும் கேட்போம். எங்கே இல்லை என்று கேட்பவர்கள் குறைவு. ஒரு சிக்கல் இருக்கும் இடத்துக்கும் இல்லாத இடத்துக்கும் என்ன வித்தியாசம் என்று பார்த்தால் காரணம் தானாக வெளியே வரும்.

பெரம்பூரில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்துச் சுற்றுவட்டாரக் கடைகளுக்கு லைன் போடுகிறார். டில்டிங் கிரைண்டர், ஒரு கிலோ பாக்கெட். சித்திரை பிறந்ததிலிருந்து ரிட்டன் அதிகமாகிவிட்டது. என்னக்கா காரணம் என்றேன்.

"பெரிய கம்பெனி மாவு வந்துட்டதிலேர்ந்து நம்மளை யாரு தம்பி வாங்கறா?" என்றார்.

"கம்பெனி மாவு வைக்காத கடையில ரிட்டன் இல்லையா?"

கொஞ்சம் யோசித்தார். பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பி, கடைகளின் பெயரை வரிசையாக எழுதி, எதிரே அந்த வார ரிட்டனைப் போட்டார். கம்பெனி மாவு விற்கும் இரண்டு கடைகளில் அவருக்கு ரிட்டனே இல்லை. ரிட்டன் வருவது மூன்று பெட்டிக்கடைகளிலிருந்து. அந்த மூன்றிலும் ஃப்ரிட்ஜ் இல்லை. பாக்கெட் கவுன்ட்டர் மேலேயே கிடந்து, மதியத்துக்குள் உப்பி, புளித்துப் போகிறது.

கம்பெனி மாவு என்பது அவர் நம்பிக்கொண்டிருந்த பதில். அதை வைத்துக்கொண்டு விலையைக் குறைத்திருந்தால் நஷ்டம்தான் மிஞ்சியிருக்கும். ஒரு பக்கப் பட்டியல் அதைத் தடுத்துவிட்டது.

படி 4: ஏன் என்று தொடர்ந்து கேளுங்கள்

இந்த முறையைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஜப்பானின் டொயோட்டா தொழிற்சாலைகளில் தைச்சி ஓனோ என்பவர் இதைப் பழக்கமாக்கினார். அவர் சொன்ன உதாரணம் இன்றும் தெளிவானது. இயந்திரம் நின்றுவிட்டது. ஏன்? சுமை கூடி ஃப்யூஸ் போய்விட்டது. ஏன்? பேரிங்கில் எண்ணெய் போதவில்லை. ஏன்? எண்ணெய் பம்ப் சரியாக இறைக்கவில்லை. ஏன்? பம்பின் ஷாஃப்ட் தேய்ந்திருக்கிறது. ஏன்? வடிகட்டி இல்லாததால் உலோகத் தூள் உள்ளே போயிருக்கிறது. முதல் பதிலோடு நின்றிருந்தால் ஃப்யூஸை மட்டும் மாற்றியிருப்பார்கள். அடுத்த மாதம் இயந்திரம் மறுபடி நின்றிருக்கும்.

ஐந்து முறைதான் கேட்க வேண்டும் என்று கணக்கெல்லாம் இல்லை. நீங்கள் கை வைத்து மாற்றக்கூடிய ஓர் இடம் வரும்வரை கேளுங்கள். மாவு அக்காவின் விஷயத்தில் அது இப்படிப் போனது. பாக்கெட் ஏன் மதியத்துக்குள் புளிக்கிறது? கடைக்குப் போகும்போதே பாதி பொங்கியிருக்கிறது. ஏன்? முதல் நாள் ராத்திரி அரைத்தது, விடியும்வரை சமையலறையில் கிடக்கிறது. ஏன் ராத்திரி அரைக்க வேண்டும்? பாக்கெட் போட மகளின் கை வேண்டும், அவள் காலேஜ் முடிந்து வர ஏழு மணி ஆகிறது.

இங்கே நிறுத்தலாம். வெயிலை மாற்ற முடியாது, அரிசி பருப்பில் குறை இல்லை. மாற்ற முடிந்தது வேலை நேரம். ஃப்ரிட்ஜ் இல்லாத கடைகளுக்கு மட்டும் விடிகாலை நான்கு மணிக்கு ஐஸ் தண்ணீர் விட்டு அரைத்து, அளவைக் குறைத்துக் கொடுக்கத் தொடங்கினார். நான்கு மணிக்கு மகளும் வீட்டில்தான் இருக்கிறாள். மார்க்கர் பேனாவால் ஒவ்வொரு பாக்கெட்டிலும் அரைத்த நேரத்தை எழுதினார்கள். அந்த நேரத்தைப் பார்த்தே வாங்குகிறவர்கள் இப்போது இருக்கிறார்கள்.

இந்தத் தொடரில் ஒரு பள்ளம் உண்டு. "ஏன்?" என்று கேட்கக் கேட்க, பதில் ஒரு ஆளின் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். "அவன் கவனிக்கலை." "அவளுக்கு அக்கறை இல்லை." அங்கேயே நின்றால் சண்டை மிஞ்சும், சிக்கல் அப்படியே இருக்கும். அப்படி வந்தால் உடனே அடுத்த கேள்வி: "கவனிக்காத ஆள் செய்தாலும் தப்பு வராதபடி இதை எப்படி வைக்கலாம்?"

படி 5: "இது உண்மையானால் வேறு என்ன நடந்திருக்க வேண்டும்?"

ஒரு பதில் கிடைத்ததும் அதன்மேல் ஆசை வந்துவிடும். அதைச் சோதிக்க மனசு வராது. இந்தப் படிக்குச் சென்னையோடு தொடர்புடைய ஓர் உதாரணம் இருக்கிறது.

மாநிலக் கல்லூரியில் படித்த சி. வி. ராமன் 1921-இல் இங்கிலாந்து போய்விட்டு நர்குண்டா கப்பலில் திரும்பினார். மத்தியத் தரைக்கடலின் ஆழ்ந்த நீலம் அவரைப் பிடித்து நிறுத்தியது. கடல் ஏன் நீலம்? வானத்தின் நீலம் அதில் பிரதிபலிக்கிறது என்று ராலே பிரபு சொல்லியிருந்தார். உலகமே மதித்த அறிஞர். ராமன் அந்தப் பதிலை அப்படியே எடுத்துக்கொள்ளவும் இல்லை, வெறுமனே மறுக்கவும் இல்லை. வானத்தின் பிரதிபலிப்புதான் காரணம் என்றால், பிரதிபலிப்பை நீக்கினால் நீலமும் போக வேண்டுமே என்று பார்த்தார். அவர் கையில் நிக்கோல் பட்டகம் என்ற கருவி ஒன்று இருந்தது. தகுந்த கோணத்தில் அதன் வழியே பார்த்தால், நீரின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியை அது நிறுத்திவிடும். கப்பல் தளத்தில் நின்று அதன் வழியாகப் பார்த்தார். நீலம் போகவில்லை. முன்னைவிட அடர்த்தியாகத் தெரிந்தது. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்ற முடிவுக்கு வந்தார். பம்பாய்த் துறைமுகத்திலிருந்தே அதை எழுதி நேச்சர் இதழுக்கு அனுப்பினார். அந்தப் பாதையில் தொடர்ந்து போய்த்தான் 1928 பிப்ரவரி 28-இல் ராமன் விளைவு, 1930-இல் நோபல் பரிசு.

அவர் கேட்ட கேள்வியின் அமைப்பைப் பாருங்கள். "இது உண்மையானால், அதுவும் நடந்திருக்க வேண்டும். நடந்திருக்கிறதா?" இதற்குப் பட்டகம் கூடத் தேவையில்லை. வீட்டுக் கூரையில் ஈரம் படர்கிறது என்று வைத்துக்கொள்வோம். மழைத் தண்ணீர் இறங்குகிறது என்று கொத்தனார் சொல்கிறார், மாடித் தளம் முழுக்க வாட்டர்ப்ரூஃபிங் செய்யக் கணிசமான தொகை கேட்கிறார். மழைதான் காரணம் என்றால் மழையே இல்லாத பிப்ரவரி, மார்ச்சில் ஈரம் காய்ந்து சுருங்க வேண்டும். ஈரத்தின் ஓரத்தைப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். கோட்டைத் தாண்டி ஈரம் வளர்ந்தால் மேல்வீட்டுக் குழாயைச் சந்தேகப்பட வேண்டும். மேல்வீட்டுக்காரரிடம் கேட்டு, அவர்கள் வெளியூர் போகும்போது வால்வை மூடிவிட்டுப் போகச் சொல்லி, அந்த நாட்களில் கோடு என்ன ஆகிறது என்று பாருங்கள். செலவு ஒரு பென்சில்.

தொழிலிலும் இதே கேள்விதான். விளம்பரம் போட்டதால்தான் விற்பனை ஏறியது என்றால், விளம்பரம் போய்ச் சேராத ஏரியாவில் ஏறியிருக்கக் கூடாது. ஏறியிருக்கிறதா?

படி 6: கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்

ஒரே சிக்கலை இரண்டு விதமாகக் கேட்டால் இரண்டு விதமான பதில்கள் வரும். நம் ஊர்த் தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். "சென்னைக்குத் தண்ணீரை எங்கிருந்து கொண்டுவரலாம்?" என்ற கேள்விக்கு வந்த பதில்கள் கிருஷ்ணா நீர், வீராணம், மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டபோது ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததும் அதே கேள்வியின் பதில்தான்.

"இங்கே விழும் தண்ணீர் எங்கே போகிறது?" என்று கேட்டால் வேறு பதில் வருகிறது. 2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது அந்தக் கேள்வியின் பதில். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் விழுவது ஏறக்குறைய 1,30,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணாகப் போனாலும், 12,000 லிட்டர் லாரியில் எட்டு லாரித் தண்ணீருக்குக் குறையாது. முதல் கேள்வியை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் இந்தக் கணக்கைப் போடவே தோன்றாது. முதல் கேள்வி தப்பு என்று சொல்ல வரவில்லை. இரண்டும் வேண்டும். ஒன்றோடு நின்றுவிடக் கூடாது என்பதுதான்.

உங்கள் சிக்கலிலும் இதைச் செய்யுங்கள். "வருமானத்தை எப்படிக் கூட்டுவது?" என்று எழுதியிருந்தால் அதன் கீழே "வருவது எங்கே போகிறது?" என்று எழுதுங்கள். "வாடிக்கையாளரை எப்படி வரவைப்பது?" என்பதன் கீழே "ஒருமுறை வந்தவர் ஏன் மறுபடி வரவில்லை?" பையனை எப்படிப் படிக்க வைப்பது என்ற கேள்வியின் கீழே, அவன் யாரும் சொல்லாமலே எதை உட்கார்ந்து செய்கிறான் என்று.

எழுத்து, வடிவமைப்பு, சமையல்: புதிதாக ஒன்றைச் செய்ய

சிக்கலே இல்லாத இடத்திலும் கேள்வி வேலை செய்யும். இங்கே "ஏன்" அவ்வளவாக உதவாது. "இப்படி மாற்றினால் என்ன ஆகும்?" என்பதுதான் உதவும்.

ராமானுஜன் 1911-இல் இந்தியக் கணிதக் கழக இதழில் வாசகர்களுக்கு ஒரு கணக்குப் போட்டார். வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலம், அதற்குள் இன்னொன்று என்று முடிவில்லாமல் போகும் ஒரு தொடர். பதில் 3. யாரிடமிருந்தும் விடை வராமல் கடைசியில் அவரே சொல்ல வேண்டியதாயிற்று. பார்க்கப் பயமாக இருக்கும் அந்தத் தொடரைப் பின்பக்கத்திலிருந்து பாருங்கள். 3 என்பது 9-இன் வர்க்கமூலம். 9 என்பது 1 கூட்டல் 2 × 4. அந்த 4-ஐயும் இதே மாதிரி எழுதினால்? 4 என்பது 16-இன் வர்க்கமூலம், 16 என்பது 1 கூட்டல் 3 × 5. அந்த 5-ஐயும் எழுதினால்? 25-இன் வர்க்கமூலம், 25 என்பது 1 கூட்டல் 4 × 6. போய்க்கொண்டே இருக்கலாம். "அடுத்ததையும் இதே போலச் செய்தால்?" என்ற எளிய கேள்வியை விடாமல் கேட்டால் ஓர் அழகான பொருள் உருவாகிவிடுகிறது.

நமக்கு ராமானுஜனின் மூளை வேண்டியதில்லை, கேள்விப் பட்டியல் ஒன்று இருந்தால் போதும். அமெரிக்க விளம்பரத் துறையிலிருந்த அலெக்ஸ் ஆஸ்போர்ன் 1950-களில் அப்படி ஒன்றை அச்சிட்டார். வேறு எதற்குப் பயன்படும், எதை மாற்றலாம், பெரிதாக்கினால், சிறிதாக்கினால், ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை வைத்தால், வரிசையை மாற்றினால், தலைகீழாக்கினால், இரண்டைச் சேர்த்தால் என்று போகும். இன்றும் படைப்புப் பயிற்சிகளில் கொடுக்கும் பட்டியல்களுக்கு அடிப்படை அதுதான்.

ஒரு சிறுகதைக்கு அதைப் போட்டுப் பார்க்கலாம். "தீபாவளிக்கு ஊருக்குப் போக ராத்திரி கோயம்பேட்டில் பஸ்ஸுக்கு நிற்கும் மகன்." இந்தக் கதையை நூறு பேர் எழுதியிருப்பார்கள். இடத்தை மாற்றினால்? இப்போது தென்மாவட்ட பஸ்கள் கிளாம்பாக்கத்திலிருந்து போகின்றன. வடசென்னையிலிருந்து அங்கே போய்ச் சேர்வதே ஒரு பயணம், கதை அந்தப் பயணத்துக்குள்ளேயே முடிந்துவிடலாம். சொல்லும் ஆளை மாற்றினால்? அவனைக் கொண்டுபோய் விடும் ஆட்டோக்காரர் சொல்கிறார், அவருக்கும் ஊர் இருக்கிறது, அவர் போகவில்லை. வரிசையை மாற்றினால்? பண்டிகை முடிந்து திரும்பி வரும் விடிகாலையில் தொடங்குகிறது. எதையாவது எடுத்துவிட்டால்? அம்மாவின் போன் அழைப்பை எடுத்துவிடுங்கள், அவன் ஏன் போகிறான் என்பதே ஒரு புதிர் ஆகிவிடும். ஆட்டோக்காரர் கதையை நான் படிக்க விரும்புவேன்.

ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நான்கையும் சேர்த்து மாற்றினால் எது உயிர் கொடுத்தது என்று தெரியாமல் போய்விடும்.

தேங்கி நின்றால்

வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஓ.எம்.ஆர். பக்கம் வேலை செய்யும் ப்ரோக்ராமர்களிடம் கேட்டால் தெரியும், மேஜையில் ஒரு ரப்பர் வாத்து பொம்மையை வைத்துக்கொண்டு அதனிடம் தாங்கள் எழுதிய ப்ரோக்ராமை வரி வரியாக விளக்குவார்கள். விளக்கும்போதே தப்பு எங்கே என்று அவர்களுக்கே தெரிந்துவிடும். கொலு பொம்மையானாலும் சரி, சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருக்கும் மாமியாரானாலும் சரி, விஷயம் தெரியாதவருக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும். அதுதான் நிபந்தனை. அப்படியும் வரவில்லை என்றால் கேள்வியை ஒரே வரியில் எழுதி மூடி வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள்.

படி 7: இன்று மாலைக்குள் என்ன செய்து பார்க்கலாம்?

ஒவ்வொரு முறையும் கடைசியாக எழுத வேண்டிய கேள்வி இதுதான். பதில் சின்னதாக இருக்க வேண்டும். ஒரு கடைக்குப் போய்க் கேட்பது, ஒரு பத்தியை மாற்றி எழுதுவது, மூன்று நாள் செலவைக் குறித்து வைப்பது. செய்தபின் என்ன ஆனது என்று அதே பக்கத்தில் எழுதுங்கள். அது எழுதாத பக்கம் முடிந்த பக்கம் இல்லை. நான் பார்த்தவரை, இந்த முறையைக் கைவிடுகிறவர்கள் பலரும் கேள்வி கேட்பதில் குறை வைப்பதில்லை. இந்தப் படியைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

மனசு சம்பந்தப்பட்டதில் கவனம்

பொருள், பணம், வேலை ஆகியவற்றில் "ஏன்" நல்ல கருவி. மனவருத்தத்தில் அதை அளவோடு எடுக்க வேண்டும். "எனக்கு மட்டும் ஏன் இப்படி?" என்பது ராத்திரி இரண்டு மணிக்குச் சுற்றிச் சுற்றி வரும், எங்கேயும் கொண்டுபோய்ச் சேர்க்காது. அங்கே "என்ன" என்று தொடங்குங்கள். இப்போது எனக்கு என்ன தோன்றுகிறது? இது எந்த நேரத்தில் கூடுகிறது? இப்போதைக்கு என்ன வேண்டும்? "நான்" என்பதற்குப் பதில் உங்கள் பெயரையே சொல்லிக் கேட்டுக்கொள்வதும் உதவும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஈதன் கிராஸ் குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பதற்றமான ஒரு வேலைக்கு முன் தன் பெயரைச் சொல்லித் தன்னிடம் பேசியவர்கள் "நான்" என்று பேசியவர்களைவிட நிதானமாக அதைக் கையாண்டார்கள். "குமார், நாளைக்கு இன்டர்வியூவில் எதைப் பத்திப் பயப்படறே?" என்று கேட்கும்போது, நண்பனுக்குச் சொல்வது போலப் பதிலும் கனிவாக வரும்.

இப்படியும் அடங்காமல் கேள்விகள் தூக்கத்தைக் கெடுத்தால் நோட்டை மூடிவிட்டு யாரிடமாவது பேசுங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இலவசமாக, தமிழிலேயே பேசலாம். தமிழ்நாடு அரசின் 104-உம் இருக்கிறது.

வீட்டிலும் அலுவலகத்திலும் சேர்ந்து செய்ய

தனியாகப் பழகியபின் நாலு பேரோடு செய்து பாருங்கள். மீட்டிங் தொடங்கியதும் முதல் பத்து நிமிடம் எல்லோரும் பேசாமல் தங்கள் தாளில் கேள்விகளை மட்டும் எழுதட்டும். பேசிக்கொண்டே செய்தால் பெரிய பதவியில் இருப்பவரின் கேள்விதான் எல்லோருடைய கேள்வியாகவும் மாறும். எழுதியதைச் சுற்றில் விட்டுப் படிக்கும்போது வயதில் சிறியவரிடமிருந்து தொடங்குங்கள். வீட்டில் செய்தால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடமிருந்து. பிள்ளை கேட்கும் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடாதீர்கள், "நீ என்ன நினைக்கிறே, எப்படிக் கண்டுபிடிக்கலாம்?" என்று திருப்பிக் கேளுங்கள், பிறகு அவளோடு சேர்ந்து போய்ப் பாருங்கள்.

நோட்டு தீர்ந்ததும் தூக்கிப் போட வேண்டாம். இன்னும் பதில் கிடைக்காத கேள்விகளை மட்டும் புது நோட்டின் முதல் பக்கத்துக்கு மாற்றி எழுதுங்கள், பக்கத்தில் முதலில் எழுதிய தேதியையும் போடுங்கள்.